நல்ல நாற்றம்

தமிழில் ஒரு நல்ல சொல்லை நாம் கெடுத்துவிட்டோம். நாற்றம் என்று காதில் விழுந்தால் இன்று கை தானாக மூக்குக்குப் போகிறது. பழைய தமிழில் அதற்கு மணம் என்றே பொருள். கண்ணனுடைய வாய் எப்படி மணக்கும் என்று ஆண்டாள் வெண்சங்கைக் கேட்கிறபோது எடுத்தாள்கிற வினைச்சொல் 'நாறு' என்பதுதான். அந்த ஆண்டாளின் பாட்டிலே தோய்ந்து 'திருப்பாவை ஜீயர்' என்று பெயர் வாங்கிய ராமாநுஜர் 1017-ல் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அந்த ஊரைச் சுற்றியுள்ள புதர்களில் ஒரு கொடி படர்கிறது. 'நாறு' என்ற சொல்லின் பழைய மரியாதை அதன் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல நாறி என்பதே நன்னாரி ஆயிற்று என்பார்கள்.

சொல்லைக் கெடுத்தது போதாதென்று இப்போது கொடியையும் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றிச் சண்டை போடவே இதை எழுதுகிறேன்.

யாரோடு சண்டை? பச்சையாக முளைத்ததெல்லாம் களை, வெட்டி எறி என்கிறவர்களோடு அல்ல. அவர்களோடு சண்டை போடுவது சுலபம். ஆகையால் சுவாரசியமும் குறைவு. என் சண்டை மூலிகைப் பக்தர்களோடு. நம் முன்னோருக்குத் தெரியாததே இல்லை என்று காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் சொல்கிறவர்கள் அவர்கள். பாட்டி வைத்தியம் என்றால் அவர்களுக்குக் கண் பனிக்கும். ஆனால் வேலி ஓரத்தில் அதே நன்னாரி காலில் இடறினாலும் தெரியாது. தெரியாதது குற்றம் என்று நான் சொல்லவில்லை. தெரியாமலே புகழ்வதும், தெரியாமலே குடிப்பதும், தெரியாமலே பிறருக்குச் சிபாரிசு செய்வதும்தான் குற்றம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள பிரதேசத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய்க் கம்பெனியின் கார் வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது. 2014-ல் கதவைச் சாத்திக்கொண்டு போயிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் வந்தது. சிப்காட் சாலைகளில் இரவும் பகலும் ஷிப்ட் பஸ்கள் ஓடுகின்றன. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பிள்ளையோ பெண்ணோ வாங்கி வருகிற மாதச் சம்பளத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. புதர்க்காட்டை நினைத்துப் பெருமூச்சு விடுகிற எழுத்தாளன் அந்த அடுப்பை ஊதி அணைக்க முயலக் கூடாது. இருங்காட்டுக்கோட்டை என்ற பெயரிலேயே காடு இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு மேலே போகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வருகிற உதிரிபாகங்களைப் பரிசோதித்து வாங்கும் பிரிவில் இருக்கிறார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் எண் உண்டாம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு போல்ட்டுகளில் ஒன்று தலைமுடி அளவு மெலிந்திருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவாராம். "'அது போலத்தானே இருக்கிறது' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும், சார். 'போல' என்ற வார்த்தைக்கு எங்கள் இடத்தில் அனுமதி கிடையாது" என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டாயிற்று. அவர் வீட்டில் கொடுத்த ஷர்பத்தைக் குடித்துக்கொண்டே பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் நன்னாரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கத்தில், பொடி எழுத்தில், சர்க்கரை, தண்ணீர், நிறம், 'இயற்கையை ஒத்த மணப்பொருள்' என்று கண்டிருந்தது. வேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொழிற்சாலை வாசலில் நுழைய முடியாத 'போல', வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தம்ளரில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஒரு போல்ட்டுக்குக் காட்டுகிற கண்டிப்பை வாயில் போடுகிற வேருக்குக் காட்டக் கூடாதா? என் கேள்வி அவ்வளவுதான்.

கண்டிப்புக் காட்ட முதலில் செடியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நன்னாரி மெலிந்த கொடி. பிறவற்றைச் சுற்றிக்கொண்டு ஏறும். பற்ற எதுவும் இல்லாவிட்டால் தரையில் படரும். இலைகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக இருக்கும். மேலே கரும்பச்சை, பெரும்பாலும் நடு நரம்பை ஒட்டி வெள்ளைச் சாயம் தீற்றினாற் போல ஒரு கோடு தெரியும். இலையின் வடிவத்தை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. ஓர் இடத்தில் அகன்றும் இன்னோர் இடத்தில் கத்தியாய்க் குறுகியும் இருக்கும். கிள்ளினால் பால் வரும். பூக்கள் மிகச் சிறியவை. வெளியே பச்சை, உள்ளே கருஞ்சிவப்பு. இலைக்கணுவில் கொத்தாக ஒளிந்திருக்கும். காய்கள் ஜோடி ஜோடியாக, மெல்லிய கொம்புகளைப் போல விரிந்து நிற்கும். முற்றி வெடித்தால் விதைகள் பட்டுப் பஞ்சைக் குடையாகப் பிடித்துக்கொண்டு காற்றில் போகும். வேர் நீளமானது, பென்சில் கனத்துக்கு மேல் போவது அபூர்வம். பழுப்புத் தோல், குறுக்கே வெடிப்புகள், உள்ளே கட்டை. தோலை நகத்தால் சுரண்டி முகர்ந்தால் மணம் எழும். மணமெல்லாம் தோலில்தான், உள்கட்டையில் சாரமில்லை.

இத்தனையும் ஏன் சொல்கிறேன் என்றால், எதிரிலை, சுற்றும் கொடி, பால் என்ற மூன்றும் நன்னாரிக்கு மட்டும் சொந்தமல்ல. மடகாஸ்கரிலிருந்து வந்த ரப்பர்க்கொடி, பெரிய ஊதாப் பூக்களோடு தமிழ்நாட்டுச் சாலை ஓரங்களில் தாராளமாக மண்டியிருக்கிறது. அதற்கும் எதிரிலை, அதற்கும் பால். நன்னாரிக்கு அது குடும்பத்திலே நெருங்கிய உறவு. ஆனால் அதில் இருதயத்தைத் தாக்குகிற நஞ்சு இருக்கிறது. மேய்ந்த மாடும் குதிரையும் செத்திருக்கின்றன. உத்தாமணியும் எதிரிலை கொண்ட பால்கொடிதான். வாந்தி எடுக்க வைக்கும். பூக்காத காலத்தில், பாதி கருகிய கொடியைப் பார்த்து, படத்தில் இருப்பது போலத்தான் இருக்கிறது என்று தோண்டிக் கஷாயம் வைக்கிறவரை முன்னோர்கள் வந்து காப்பாற்ற மாட்டார்கள்.

செடி இருக்கட்டும், நான் கடையில்தானே வேர் வாங்குகிறேன் என்பீர்கள். அங்கே வேறொரு கதை. நன்னாரி என்று கடைகளில் விற்கிறவற்றில் பல, மாகாளிக் கிழங்கின் வேர்கள். ஊறுகாய்ப் பிரியர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலைப்பாறை இடுக்குகளில் வளர்கிற அது கனத்த, சதைப்பற்றுள்ள வேர். தயிர்சாதத்துக்கு அதற்கு இணை இல்லை. சித்தூர், கடப்பைப் பக்கத்து நன்னாரி ஷர்பத்தே பெரும்பாலும் இந்த வேரில் செய்வதுதான். இங்கே நம் மூக்கும் ஏமாந்துபோகும். ஏனென்றால் இரண்டுக்கும் மணம் ஒன்றே, மணத்தைத் தருகிற ரசாயனப் பொருளும் ஒன்றே. வனிலாவின் மணத்துக்குக் காரணமான பொருளுக்கும் அதற்கும் அணுக்களின் கணக்குக்கூட ஒன்றுதான். அடுக்கு மட்டும் வேறு.

மணம் ஒன்றானால் எதுவாயிருந்தால் என்ன என்று கேட்கலாம். சொல்கிறேன். நன்னாரி இந்தியா முழுவதும், இலங்கையிலும், சமவெளிப் புதரில் எளிதாக வருகிற கொடி. மாகாளி தென்னிந்திய மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராதது. அழியும் ஆபத்தில் உள்ள தாவரம் என்று சர்வதேசப் பட்டியலில் ஏறிவிட்டது. வேரைத் தோண்டினால் செடிக்கு என்ன மிச்சம்? நாம் ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றைத் தின்று தீர்க்கிறோம்; எதைத் தின்கிறோம் என்பதும் நமக்குத் தெரியவில்லை.

இனி, நன்னாரியால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்று பார்க்கலாம். சமையலறையில் அதன் இடம் கேள்விக்கு அப்பாற்பட்டது. வேரைக் கழுவி, தட்டி, உள்கட்டையை நீக்கிவிட்டு, தோலைக் கொதிநீரில் போட்டு மூடி இரவு முழுவதும் வைத்தால் காலையில் செம்பழுப்பாய்ச் சாறு இறங்கியிருக்கும். அடுப்பில் வைத்து மணிக்கணக்காய்க் கொதிக்கவிட்டால் தெரு மணக்கும். சாறு மணக்காது, மணம் ஆவியோடு போய்விடும். இறங்கிய சாற்றைச் சர்க்கரைப் பாகில் சேர்த்து, வேண்டும்போது எலுமிச்சம்பழம் பிழிந்து நீர் விட்டால் ஷர்பத். மதுரை ஜிகர்தண்டாவில் பாலோடு சேர்வதும் இந்தப் பாகுதான். கோடையில் மண்பானைத் தண்ணீரில் ஒரு துண்டு வேரைப் போட்டு வைப்பதற்கு ஈடான ஆடம்பரம் எனக்குத் தெரிந்து வேறில்லை. இலங்கையில் இதை இரமுசு என்கிறார்கள். கஷாயமாக்கிப் பனைவெல்லமோ கித்துள் வெல்லமோ கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள்.

மருந்து என்று வரும்போதுதான் பக்தர்களின் குரல் உயர்கிறது. சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் இதை உடம்புச் சூட்டுக்கும் நீர்ச்சுருக்குக்கும் தோல் வியாதிகளுக்கும் வழங்கி வந்திருக்கின்றன. 1864-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மருந்து நூலில்கூட இதற்கு இடம் கிடைத்தது, பிற்பாடு நீக்கிவிட்டார்கள். இந்தச் சரித்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 'ரத்தத்தைச் சுத்தம் செய்யும்' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு சர்க்கரை வியாதிக்காரருக்கு, முக்கால் பங்கு சர்க்கரையான பாகைக் கலக்கிக் கொடுப்பது வைத்தியமா? அந்தத் தம்ளரில் மருந்தென்று சொல்லக்கூடிய வேர் இல்லை. வியாதியென்று சொல்லக்கூடிய சர்க்கரை இருக்கிறது.

இதைவிட அபாயமானது பாம்புக்கடிப் பேச்சு. 1990-களில் கல்கத்தா விஞ்ஞானிகள் சிலர் நன்னாரி வேர்ச்சாற்றை விரியன் விஷத்துக்கு எதிராக ஆய்வுக்கூடப் பிராணிகளிடம் சோதித்து, விஷத்தின் சில விளைவுகள் குறைவதைக் கண்டார்கள். அது நல்ல ஆராய்ச்சி. அதிலிருந்து 'பாம்பு கடித்தால் நன்னாரி போதும்' என்று தாவுகிறவரை என்ன சொல்வது? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது; ஆண்டுக்குச் சராசரி 58,000. கடிபட்டவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரியும் விஷமுறி ஊசியும்தான். வேரைத் தேடுகிற நேரத்தில் உயிர் போய்விடும்.

அந்த ஊசி எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். அதைத் தயாரிக்கப் பாம்பின் விஷம் வேண்டும். நாட்டுக்கு வேண்டிய அந்த விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுத்துவந்திருப்பது, 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. 2023-ல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். பாம்பைத் தெரிந்த அதே ஜனங்களுக்குத்தான் நன்னாரியும் தெரியும். விஷத்தையும் வேரையும் அவர்கள் குழப்பிக்கொள்வதில்லை. குழப்புகிறவர்கள் நாம்.

வல்லக்கோட்டைப் பக்கம் ஓர் இருளர் மூதாட்டி வேர் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இலையைக் கிள்ளினாள், பாலைப் பார்த்தாள், கடப்பாரை நுனியால் மண்ணைத் தள்ளி வேரின் தோலை நகத்தால் கீறி முகர்ந்தாள். மூன்று வேர் ஓடியது; ஒன்றை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு மீதியின்மேல் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தாள்.

"ஏன் ஆயா, மத்ததை விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்கினா அடுத்த வருசம் யாரைப் போய்க் கேக்கறது, சாமி?" என்றாள். பிறகு, "அந்தாண்ட முன்னே நெறைய இருந்துச்சு. கம்பி போட்டுட்டாங்க" என்று கையைக் காட்டினாள். அவள் காட்டிய இடத்தில் நீண்ட மதிலும் அதற்குள் வெட்டிச் சீவிய புல்தரையும் இருந்தன.

அவள் செய்ததைக் கவனியுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பரிசோதனை. மூன்றும் தேறிய பிறகே வேரில் கத்தி வைத்தாள். ஒரகடத்தில் போல்ட்டை வாங்குகிறவரும் இதைத்தான் செய்கிறார். அவருக்கு மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் உண்டு. இவளுக்கு, வியாபாரி எடை போட்டுக் கொடுப்பது கூலி. காட்டு விளைபொருள்மேல் காட்டில் வாழ்கிறவர்களுக்கு உரிமை தருகிற சட்டம் 2006-ல் வந்தது உண்மை. ஆனால் அது காடு என்று கருதப்படுகிற நிலத்துக்கு. ஏரிக்கரைப் புறம்போக்கில் முளைத்த வேர்மேல் இவளுக்கு உரிமை உண்டென்று சொல்ல எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. கம்பி போட்டால் அதோடு சரி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்புத்தான். எல்லாரும் அசல் வேரையே கேட்டால் புதரில் ஒரு கொடி மிஞ்சுமா? எஸென்ஸ் கலந்த பாகு அல்லவா நன்னாரியைக் காப்பாற்றுகிறது? சரி, எஸென்ஸ் இருக்கட்டும். மலிவாக இருப்பது குற்றமல்ல. இன்னொன்றின் பெயரைத் திருடிக்கொள்வதுதான் குற்றம். 'நன்னாரி மணமூட்டிய சர்க்கரைப் பாகு' என்று முன்பக்கத்தில், பின்பக்கத்துப் பொடி எழுத்தில் அல்ல, கொட்டை எழுத்திலேயே போடட்டும். நானும் வெயிலில் வந்தால் வாங்கிக் குடிப்பேன். அசல் வேர் வேண்டுமென்கிறவர் அதற்கு உரிய விலை கொடுக்கட்டும். நன்னாரி வேர்த்துண்டிலிருந்தும் தண்டிலிருந்தும் முளைக்கும், தோட்டத்தில் பயிரிடலாம். பேருக்கு வேர், நாவுக்கு எஸென்ஸ், வாய்க்கு முன்னோர் பெருமை என்ற இந்த மூன்றும் கலந்த ஷர்பத்தை மட்டும் என்னால் குடிக்க முடியாது.

எழுதுகிற என் ஜாதியையும் சும்மா விடுவதற்கில்லை. 'பெயர் தெரியாத காட்டுச் செடிகளின் மணம் காற்றில் மிதந்து வந்தது' என்று கதைகளில் படிக்கிறபோதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யாருக்குப் பெயர் தெரியாது? கதாசிரியருக்குத் தெரியாது. அந்தச் செடியின் பக்கத்தில் குடிசை போட்டிருக்கிறவளுக்குத் தெரியும், கேட்டால் சொல்லுவாள். கதாநாயகன் போகிற காரின் பெயரைத் தவறாமல் எழுதுகிறோம். அவன் மிதித்துக்கொண்டு போகிற செடிக்குப் பெயர் தெரியவில்லை என்பதைக் கவிதை என்று நினைத்துக்கொள்கிறோம். அது கவிதை அல்ல, சோம்பல்.

ஆகையால் என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. மதில் கட்டுகிற கம்பெனிகள் பசுமை என்று புல்தரை போடுகிறார்கள். அதில் ஒரு மூலையை வெட்டாமல், சீவாமல், இருந்த புதராகவே விட்டுவைக்கட்டும். அங்கே என்னென்ன இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க ஓர் இருளர் பெண்ணை, தோட்டக்காரிக்குக் கொடுக்கிற தினக்கூலியில் அல்ல, பரிசோதனை அதிகாரிக்குக் கொடுக்கிற சம்பளத்தில் வைத்துக்கொள்ளட்டும். அந்த வேலைக்கு உரிய தகுதி அவளிடம் இருக்கிறது. இல்லாதது சர்டிபிகேட் ஒன்றுதான். பள்ளிக்கூடங்கள் வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய்ப் பத்துச் செடிகளைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்க வைக்கட்டும்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்றே. நூறு மூலிகைகளின் மகிமையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு செடியை, இலை, பால், பூ, காய், வேர் என்று ஐந்து இடத்திலும் சரிபார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அது நன்னாரியாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். அடுத்த தடவை கடைக்காரர் பாட்டிலை நீட்டும்போது, "இதில் வேர் இருக்கிறதா, எந்த வேர்?" என்று உரக்கக் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாது. நாலு பேர் கேட்டால், தெரிந்தவர்களிடம் போய் அவரும் கேட்பார்.